டாக்டர் ஜார்ஜ் பாபனிகோலாவ் – ஒரு கண்ணாடித் தகட்டின் கதை



உயிரியல் செய்முறை வகுப்பில் வெங்காயத் தோலை உரித்து ஸ்லைடு தயாரிக்காதவர் உங்களில் எவரும் இருக்க முடியாது. மெல்லிய தோலை நீரில் இட்டு, சாஃப்ரனின் சாயம் ஏற்றி, கவர் ஸ்லிப்பைக் குமிழி வராமல் சாய்த்து வைக்க வேண்டும். பக்கத்துத் தோழியுடன் பேச்சு சுவாரசியத்தில் கவர் ஸ்லிப் போட மறந்தவளுடைய ஸ்லைடு என்ன கதி அடையும் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். தோல் காய்ந்து, சுருண்டு, செல்லின் உட்கரு எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் போய்விடும். ஆசிரியை மீண்டும் முதலிலிருந்து செய்யச் சொல்லுவார். நமக்கு நஷ்டம் ஒரு வெங்காயத் துண்டுதான்.

ஆனால் அந்த ஸ்லைடில் இருப்பது ஒரு தாயின் உடம்பிலிருந்து எடுத்த செல்லாக இருந்தால்? அதைக் காயவிடுவதா, ஈரத்தோடேயே ஆல்கஹாலில் அமிழ்த்துவதா என்ற சிறு விஷயத்தில் அவளுடைய நோய் கண்ணுக்குத் தெரிவதும் தெரியாமல் போவதும் அடங்கியிருந்தால்? இந்தச் சிறு விஷயத்தைப் பெரிதாக மதித்து, அதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒரு மனிதரைப் பற்றித்தான் இவ்வாண்டு மலரில் எழுத விரும்பினேன். மருத்துவமனைகளில் பாப் ஸ்மியர் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாப் என்பது அவர் பெயரின் முதல் துண்டு. முழுப் பெயர் ஜார்ஜ் நிக்கோலாஸ் பாபனிகோலாவ்.

கிரேக்க நாட்டில் யூபியா என்றொரு தீவு உண்டு. அதில் கடலோரமாக உள்ள கீமி என்னும் ஊரில் 1883-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் இவர் பிறந்தார். தந்தையார் மருத்துவர், அவ்வூர் மேயராகவும் இருந்தவர். தந்தையின் விருப்பப்படியே மகனும் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1904-இல், தமது இருபத்தோராம் வயதில், பட்டம் பெற்றார். வயலின் வாசிப்பதிலும் அவருக்குத் தேர்ச்சி உண்டு. இந்த வயலின் பின்னால் ஒரு நெருக்கடியில் உதவப் போகிறது.

ஊரிலேயே மருத்துவம் பார்த்துக்கொண்டு தந்தையைப்போல் கௌரவமாக வாழ்ந்திருக்கலாம். அவர் மனம் அதில் செல்லவில்லை. நோயாளியின் நாடியைவிட உயிரின் ஆரம்பம் அவரை ஈர்த்தது. ஜெர்மனிக்குச் சென்றார். எர்ன்ஸ்ட் ஹெக்கல், ஆகஸ்ட் வைஸ்மன் ஆகிய அறிஞர்களிடம் கற்றுவிட்டு, மியூனிக் நகரில் 1910-இல் டாக்டர் பட்டம் பெற்றார். டாஃப்னியா என்னும் சிறிய நீர்வாழ் உயிரியில் ஆண், பெண் வேறுபாடு எவ்வாறு அமைகிறது என்பதே அவர் ஆராய்ச்சிப் பொருள்.

அதே 1910-இல் ஆண்ட்ரோமாக்கி மாவ்ரோயேனி என்னும் நங்கையை மணந்தார். நண்பர்கள் அவரை மேரி என்று அழைத்தனர். பிரெஞ்சு மொழியும் பியானோவும் கற்றவர். இந்த அம்மையாரை நீங்கள் மறந்துவிடக் கூடாது. இந்த வரலாற்றில் பாதி இவருடையது.

1912-இல் பால்கன் போர் மூண்டது. பாபனிகோலாவ் படை மருத்துவராகப் பணியாற்றினார். போருக்கென்று அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்திருந்த கிரேக்க இளைஞர்கள் சிலரை அங்கே சந்தித்தார். அவர்கள் பேச்சைக் கேட்டபின் அமெரிக்கா செல்லும் ஆசை பிறந்தது. 1913 அக்டோபரில் கணவனும் மனைவியும் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினர். இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. கையிலிருந்தது 250 டாலரை விடச் சற்றே அதிகம்.

இரண்டு பட்டங்கள் பெற்ற மருத்துவர் அங்கே ஒரு பெரிய கடையில் கம்பளம் விற்கப் போனார். ஒரு நாளுக்குமேல் அவரால் அங்கு நிற்க முடியவில்லை. மேரி அம்மையார் அதே கடையில் வாரம் 5 டாலர் கூலிக்குப் பொத்தான் தைத்தார். பாபனிகோலாவ் உணவு விடுதிகளில் வயலின் வாசித்தார். ஒரு கிரேக்கப் பத்திரிகை அலுவலகத்தில் எழுத்தர் வேலையும் பார்த்தார். பழ ஈக்களைக் கொண்டு மரபியலை வளர்த்தவர் என்று பாடப் புத்தகத்தில் படித்தீர்களே, அந்தத் தாமஸ் ஹன்ட் மார்கன் இவருடைய மியூனிக் ஆராய்ச்சியை அறிந்திருந்தார். அவர் உதவியால் நியூயார்க் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. 1914-இல் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றியல் துறையில், சார்லஸ் ஸ்டாக்கார்டு என்பவரின் கீழ் இடம் பெற்றார். மேரி அம்மையாரும் அதே ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். அடுத்து ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு இருவரும் அந்த வேலையை விடவில்லை.

அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை கினிப்பன்றிகளின் கருமுட்டையைப் பற்றியது. முட்டை முதிர்ந்து வெளிவரும் தருணம் எது என்று தெரிய வேண்டும். அதை அறிய விலங்கை அறுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. பல விலங்குகள் வீணாக இறந்தன. பாபனிகோலாவ் ஒரு நாள் யோசித்தார். மற்றப் பாலூட்டிகளில் மாதந்தோறும் அல்லது பருவந்தோறும் உடம்பில் ஒரு மாறுதல் வெளித்தெரிகிறது. கினிப்பன்றியிலும் ஏதேனும் இருக்க வேண்டும், அளவில் சிறியதாகையால் நம் கண்ணுக்குப் படாமல் இருக்கலாம். மூக்கைச் சோதிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் சிறு கருவியைக் கொண்டு அவ்விலங்கின் பிறப்புறுப்பிலிருந்து துளி நீர் எடுத்தார். அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நாளுக்கு நாள் செல்களின் உருவம் மாறிக்கொண்டே வந்தது. ஒழுங்காக, ஏறக்குறைய பதினாறு நாட்களுக்கு ஒரு முறை, அதே மாறுதல் திரும்ப வந்தது. விலங்கைக் கொல்லாமலே உள்ளே நடப்பதை அறிய முடிந்தது. 1917-இல் ஸ்டாக்கார்டுடன் சேர்ந்து இதை வெளியிட்டார்.

கினிப்பன்றியில் உண்மையானது மனிதரிலும் உண்மையாக இருக்க வேண்டுமல்லவா? அதற்கு ஒரு பெண் தினந்தோறும் சோதனைக்கு உடன்பட வேண்டும். மேரி அம்மையார் முன்வந்தார். ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் அவரிடமிருந்து செல்கள் எடுக்கப்பட்டு ஸ்லைடாகின. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. அந்த வீட்டின் வாழ்க்கை முழுவதும் ஆய்வுக்கூடத்தைச் சுற்றியே அமைந்தது. விஞ்ஞான வரலாறு எழுதுவோர் இவ்வம்மையாருக்கு ஒரு வரி ஒதுக்குவதோடு நின்றுவிடுகிறார்கள். அது போதாது என்பது என் எண்ணம்.

1925-இல் நியூயார்க் நகரின் பெண்கள் மருத்துவமனையைச் சேர்ந்தவர்களின் ஸ்லைடுகளையும் பார்க்கத் தொடங்கினார். அவற்றுள் ஒன்றில், ஒழுங்கான செல்களுக்கு நடுவே, உட்கரு பெருத்து, கறுத்து, உருக்குலைந்த செல்கள் தெரிந்தன. அந்தப் பெண்ணுக்குக் கருப்பையின் வாயில் புற்றுநோய் இருந்தது. அந்தக் காட்சியே தம் வாழ்வில் கிடைத்த பெரிய மகிழ்ச்சிகளுள் ஒன்று என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்ததுண்டு. நோயைக் கண்டு எப்படி மகிழலாம் என்று கேட்காதீர்கள். அவர் மகிழ்ந்தது, கத்தியின்றி நோயைக் காணலாம் என்பதற்காக.

1928 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்துப் பேட்டில் க்ரீக் என்னும் ஊரில் நடந்த மாநாட்டில் இதை அறிவித்தார். அந்த மாநாடு மனித இனத்தை மேம்படுத்துவதாகச் சொல்லிக்கொண்ட கூட்டம். அதன் கொள்கை இன்று நாம் ஏற்கத்தக்கது அன்று. நல்ல விதை தவறான நிலத்தில் விழுந்தாற்போல் ஆயிற்று. நோய்க்கூற்று அறிஞர்களும் அக்கறை காட்டவில்லை. கருப்பை வாயில் கட்டி இருந்தால் ஒரு துண்டை வெட்டியெடுத்துச் சோதிக்கலாமே, உதிர்ந்த செல்களைத் தேடிக்கொண்டிருப்பானேன் என்பது அவர்கள் வாதம். கட்டி கண்ணுக்குத் தெரியுமுன்பே செல் மாறிவிடுகிறது என்பதை அவர்கள் அப்போது உணரவில்லை.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இதே காலத்தில் ருமேனியா நாட்டில் ஆரெல் பாபெஷ் என்னும் மருத்துவர் இதே உண்மையைத் தனியாகக் கண்டறிந்திருந்தார். 1927-இலேயே புக்காரெஸ்ட் நகரில் அறிவித்து, 1928-இல் பிரெஞ்சு மருத்துவ இதழ் ஒன்றில் விரிவாக எழுதினார். ஒருவரை ஒருவர் அறியார். ஆனால் இருவரும் ஸ்லைடு தயாரித்த முறை வேறு வேறு. பாபெஷ் பிளாட்டினம் கம்பி வளையத்தால் கருப்பை வாயிலிருந்தே செல்களை எடுத்தார். தகட்டில் தடவிக் காற்றில் உலரவிட்டார். மெதனாலில் நிலைப்படுத்தி, இரத்தச் செல்களுக்கும் மலேரியாக் கிருமிக்கும் பயன்படும் கீம்சா சாயத்தை ஏற்றினார். பாபனிகோலாவோ ஈரம் காயுமுன், கண்ணிமைக்கும் நேரத்தில், தகட்டை ஆல்கஹாலும் ஈதரும் சம அளவில் கலந்த குப்பிக்குள் அமிழ்த்திவிடுவார். ஈதர் தீப்பற்றும் பொருளாகையால் பிற்காலத்தில் 95 சதவிகித ஆல்கஹால் மட்டுமே போதுமென்றாயிற்று.

இதில் என்ன பெரிய வேற்றுமை என்று நினைக்கலாம். மாவுக் கரைசலில் ஒரு துளியைத் தட்டில் இட்டுக் காயவிட்டுப் பாருங்கள். அது தட்டோடு தட்டாகப் பரவி அகன்று தட்டையாகும். செல்லும் அப்படியே. காற்றில் உலரும் செல் பரந்து, உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். உட்கருவின் உள்ளே இருக்கும் நுண்ணிய இழைகளும் புள்ளிகளும் மங்கிவிடும். உடனே ஆல்கஹாலில் விழும் செல்லோ சற்றே சுருங்கி, உருண்டையான உருவத்தோடு நின்றுவிடும். உட்கருவின் விளிம்பு, அதன் மடிப்பு, குரோமாட்டின் எப்படிச் சிதறியிருக்கிறது என்பதெல்லாம் ஊசிமுனையால் வரைந்தாற்போல் தெளிவாகத் தெரியும். புற்றுநோயின் அடையாளம் பெரும்பாலும் உட்கருவில்தான் இருக்கிறது. ஆகையால்தான் அவர் ஈரத்தை அத்துணை கண்டிப்பாகக் காத்தார்.

நிலைப்படுத்திய பின் சாயம். அதையும் அவரே ஆண்டுக்கணக்கில் சோதித்து அமைத்தார். ஹெமாட்டாக்சிலின் உட்கருவுக்கு நீலம் தரும். ஆரஞ்சு ஜி என்னும் சாயம் கெரட்டின் நிறைந்த செல்களை ஆரஞ்சு நிறமாக்கும். மூன்றாவதான கலவைச் சாயத்தால் மேற்பரப்பின் முதிர்ந்த செல் இளஞ்சிவப்பாகவும், உள்ளடுக்குச் செல் நீலப் பச்சையாகவும் தெரியும். செல்லின் உடல் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும்படி இருப்பதால், ஒன்றன்மேல் ஒன்று விழுந்த செல்களையும் பிரித்துப் பார்க்கலாம். 1942-இல் இச்சாய முறையை வெளியிட்டார்.

இதற்குள் நல்ல காலம் பிறந்திருந்தது. 1939-இல் ஹெர்பர்ட் டிராட் என்னும் பெண்நோய் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். கார்னெல் மருத்துவமனையில் பெண்நோய்ப் பிரிவுக்கு வரும் பெண்களுக்கெல்லாம் இச்சோதனை செய்யப்பட்டது. எந்த அறிகுறியும் இல்லாத பெண்களிடம்கூட நோயின் தொடக்கம் தெரிந்தது. 1941-இல் கட்டுரையும், 1943-இல் புத்தகமும் வெளிவந்தன. புத்தகத்திலுள்ள செல்களின் வண்ணப் படங்களை வரைந்தவர் ஹஷிமே முராயாமா என்னும் ஜப்பானிய ஓவியர். 1928-இல் சொன்னதை உலகம் கேட்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. அப்போது பாபனிகோலாவுக்கு வயது ஐம்பத்தெட்டு.

இனி, ஊசியின் கதைக்கு வருவோம். கருப்பை வாயின் செல் தானே உதிர்கிறது. கழுத்திலோ மார்பிலோ உள்ள கட்டி உதிருமா? அதற்குள் ஊசியைச் செலுத்தி உறிஞ்ச வேண்டும். 1930-இல் அதே நியூயார்க் நகரின் மெமோரியல் மருத்துவமனையில் ஹேஸ் மார்ட்டின் என்னும் அறுவை மருத்துவரும் எட்வர்டு எல்லிஸ் என்பவரும் இம்முறையை எழுதி வெளியிட்டனர். அவர்கள் கையாண்டது சற்றுத் தடித்த ஊசி. பின்னர் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில், கரோலின்ஸ்கா மருத்துவமனையில், 1950, 1960-களில், இரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசியால் இது பெரும் கலையாக வளர்ந்தது. மயக்க மருந்து வேண்டியதில்லை. சில நிமிடங்களில் வேலை முடியும்.

ஆனால் ஸ்லைடு தயாரிப்பதில் பழைய வழக்கு மீண்டும் எழுந்தது. சுவீடன் நாட்டவர் இரத்தச் சோதனையில் பழகியவர்கள். பாபெஷைப் போலவே தகட்டைக் காற்றில் உலர்த்திக் கீம்சா வகைச் சாயம் ஏற்றினார்கள். அமெரிக்கரோ பாபனிகோலாவ் வழியில் ஈரத்தோடு ஆல்கஹாலில் இட்டார்கள். எது சரி?

இரண்டும் சரிதான், வெவ்வேறு காரியத்துக்கு! உலர்த்திய தகட்டில் செல்கள் உறுதியாக ஒட்டிக்கொள்ளும், கழுவும்போது போகா. சாயம் சில நிமிடங்களில் ஏறிவிடும். நோயாளி அங்கேயே உட்கார்ந்திருக்கும்போதே போதிய செல் வந்ததா என்று சொல்லிவிடலாம். தைராய்டு சுரப்பியின் பசைபோன்ற நீர், செல்லைச் சுற்றியுள்ள பொருள்கள், நிணநீர்க் கணுவின் செல் வகைகள் ஆகியவை இதில் நன்கு தெரியும். தைராய்டில் ஒருவகைப் புற்றுநோய்க்கு உட்கருவில் வரிப்பள்ளம் காணப்படும். அதைப் பார்க்க ஈரத்தில் நிலைப்படுத்திய தகடே சிறந்தது. ஆகவே தேர்ந்த மருத்துவர், ஊசியிலிருந்து ஒரு சிறு துளியைத் தகட்டில் இட்டு, மற்றொரு தகட்டை அதன்மேல் படியவைத்து மெதுவாக இழுப்பார். இரண்டிலும் மெல்லிய படலம் கிடைக்கும். ஒன்று அக்கணமே ஆல்கஹாலுக்குள். மற்றொன்று காற்றில் உலரும். நம் நாட்டில் கழுத்துக் கணு வீங்கினால் காசநோயா என்று பார்க்கவும் இன்னொரு தகடு எடுத்துவைப்பதுண்டு.

கெடுவது எங்கே? பாதி காய்ந்தும் பாதி ஈரமாகவும் இருக்கும் தகட்டை ஆல்கஹாலில் போடும்போதுதான். அது இரண்டுக்கும் உதவாது. துளி தடித்தாலும், இரத்தம் மிகுந்தாலும், தகட்டை அழுத்தித் தேய்த்துச் செல்லை நசுக்கினாலும் அப்படியே. மருத்துவர் எவ்வளவு மேதையானாலும் நசுங்கிய செல்லை அவர் படிக்க முடியாது. 1995-இல், காற்றில் உலர்ந்த தகட்டைச் சில விநாடிகள் உப்புநீரில் நனைத்து மீண்டும் ஈரமூட்டி, அதன்பின் பாபனிகோலாவ் வகைச் சாயம் ஏற்றும் விரைவு முறையும் வந்தது. 1996-இல் அமெரிக்காவில் கருப்பை வாய்ச் சோதனைக்கு அனுமதி பெற்ற மற்றொரு முறையில், செல்களை நேராகப் பாதுகாப்புத் திரவப் புட்டியில் கழுவிவிடுவார்கள். இயந்திரம் அவற்றை ஒரே அடுக்காகத் தகட்டில் பரப்பும். ஊசியால் எடுத்த செல்களுக்கும் இதைக் கையாளுகிறார்கள். படம் சுத்தமாக இருக்கும். ஆனால் செல்லைச் சுற்றியிருந்தவை கழுவப்பட்டுவிடும், செலவும் அதிகம்.

பாபனிகோலாவின் கடைசி ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1950-இல் லாஸ்கர் பரிசு பெற்றார். 1954-இல் உதிரும் செல்களைப் பற்றிய பெரிய படத்தொகுதி நூலை வெளியிட்டார். நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1961-இல் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நடத்த மயாமி நகருக்குச் சென்றார். சென்ற சில மாதங்களிலேயே, 1962 பிப்ரவரியில், மாரடைப்பால் காலமானார். அந்நிலையத்துக்கு அவர் பெயரையே சூட்டினர். மேரி அம்மையார் 1982 வரை வாழ்ந்தார். ஒழுங்காகச் சோதனை நடந்த நாடுகளில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறப்போர் தொகை பாதிக்கும் கீழே இறங்கியதை அவர் கண்ணாரக் கண்டார்.

நம் நாட்டிலோ பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக இது நிற்கிறது. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஸ்லைடும் சாயமும் அதைப் படிக்கத் தெரிந்தவரும் கிடைப்பது அரிது. அதனால் திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு எளிய முறை ஒன்றைச் சோதித்தார்கள். புளிக்காடியில் உள்ள அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடத்தில் வெண்மையாகும் இடத்தைக் கண்ணால் பார்ப்பது அம்முறை. பயிற்சி பெற்ற செவிலியர்களே அதைச் செய்தார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, சோதனை நடந்த ஊர்களில் இந்நோய் 25 சதவிகிதமும் இதனால் வரும் மரணம் 35 சதவிகிதமும் குறைந்தன. இந்நோய்க்குக் காரணமான வைரசை 1980-களில் கண்டறிந்த ஹரால்டு ட்சுர் ஹௌசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். இப்போது அதற்குத் தடுப்பூசியும், வைரசையே நேரில் தேடும் சோதனையும் உள்ளன. இதைப் படிக்கும் தாய்மார்கள் கூச்சப்படாமல் தங்கள் மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது.

மேல் வகுப்பு மாணவிகளுக்கு ஒரு வேலை தருகிறேன். சுத்தமான பல் குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் உங்கள் கன்னத்தின் உட்புறத்தை மெதுவாக வழித்து, இரண்டு தகடுகளில் தடவுங்கள். ஒன்றை உடனே ஸ்பிரிட் உள்ள குவளையில் பதினைந்து நிமிடம் வையுங்கள். மற்றதைக் காற்றில் உலரவிடுங்கள். விளக்குக்கு அருகில் ஸ்பிரிட்டைக் கொண்டு போகாதீர்கள். பின் இரண்டுக்கும் ஒரே அளவு மெத்திலீன் நீலம் இட்டு, ஒன்றுபோல் கழுவி, பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். உட்கருவின் அகலம், அதன் விளிம்பு, செல்லின் ஓரம் ஆகிய மூன்றையும் இரண்டு தகட்டிலும் பார்த்து, பார்த்தபடியே பதிவேட்டில் வரைந்து, செய்முறைத் தேர்வுக்கு முன் என்னிடம் கொண்டு வாருங்கள். குவளைகள் ஆய்வுக்கூடத்து இரண்டாம் அலமாரியில் இருக்கின்றன.